இடம் விட்டுப் பாடும் பாட்டு

எங்கள் பாட்டுக் கூட்டத்தில் என் முறை வந்தபோது நான் கொண்டுபோனது ஒரு கௌபாய் பாட்டு ஆல்பம். எஸ்டேட் பக்கம் அந்த வகைப் பாட்டுக்கு அதுதான் பெயர். கிட்டார், பிடில், தொப்பி வைத்த வெள்ளைக்காரர் என்று எது வந்தாலும் கௌபாய் பாட்டுதான். அதை ஏன் கொண்டுபோனேன் என்று அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லலாம். என் கணவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்கள் மலை ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கூடுவோம். தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் வருவார். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி ஏற்றி அனுப்பும் தம்பி ஒருவர், லோரிகளை அனுப்பிவிட்டு மண் ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவார். பிறகு நானும் என் கணவரும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஓர் ஆல்பத்தைக் கொண்டுவர வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் பேசாமல் கேட்க வேண்டும். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டுதான் வரும். சில வாரம் கோயில் நாதஸ்வரம், எப்போதாவது மலாய்ப் பாட்டு.

அந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்ததே என் கணவர்தான் என்று சொல்ல வேண்டும். அவரும் ஆஸ்பத்திரி அண்ணனும் திருவிழா ஒன்றில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்து, பேச்சு முடியாமல், அண்ணன் வீடு வரைக்கும் போய்விட்டார்கள். பாட்டில் எந்த இடத்தில் புல்லாங்குழல் ஒளிந்திருக்கிறது, எங்கே தபலாக்காரர் ஒரு அடியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றெல்லாம் அவர் சொல்லுவார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது கேட்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வர மாட்டேன் என்றார். முட்டி வலிக்கிறது என்றார். அடுத்த வாரம் தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் காரணம் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கீரைப் பாத்திக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் ஃபாக்டரியில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ரோலர் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர். இலையை உருட்டும் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகில் வாயை வைத்துக் கத்த வேண்டும். இப்போது காதுக்கு மாட்ட உறை கொடுக்கிறார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பஞ்சுதான், அதையும் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். “சட்டை எங்க?” என்று கேட்டால் “கட்டையா? எந்தக் கட்ட?” என்பார். தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார், பிறகு எரிச்சலோடு அணைத்துவிடுவார். சத்தம் போதவில்லை என்பதில்லை அவருக்கு. சத்தம் இருந்தது, சொல் இல்லை.

ஒரு தடவை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். வானொலியில் அவருக்கு உயிரான ஒரு பாட்டு வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து நிறுத்தினார்.

“இப்ப எல்லாப் பாட்டும் ஃபாக்டரி மாதிரிதான் கேக்குது” என்றார்.

“டாக்டர்கிட்ட போலாம்ங்க.”

“எதுக்கு? அவரு என்ன, காத மாத்திக் குடுப்பாரா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாட்டைப் பற்றி ஊருக்கே சொல்லித்தந்தவருக்குப் பாட்டு கேட்கவில்லை என்பதை அவரே சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

நான் வேலை பார்ப்பது திரிங்காப்பில் ஒரு பூப் பண்ணையில். செவ்வந்திப் பூக்களைத் தரம் பிரித்து, தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். அவற்றைக் கீழே ஏற்றிக்கொண்டு போகிற லோரி ஓட்டுநர் கடலுக்கு அந்தப் பக்கம் சரவாக்கிலிருந்து வந்தவர், அங்குள்ள பழங்குடிகளில் இபான்காரர். அதிகம் பேச மாட்டார். லோரியில் எப்போதும் பாட்டு ஓடும்.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் என்னை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்த இடத்தில் டயர் காற்று இறங்கிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. பூ ஏற்றி முடித்த அந்த ஓட்டுநர், தானா ராத்தா வழியாகத்தான் இறங்குகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மோட்டாரைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் முன்னால் ஏறி உட்கார்ந்தோம். நான் நடுவில், அவர் கதவோரம்.

வழியில் பிரிஞ்சாங்கு ஊருக்கு முன்னால் மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்துகிடந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். மழையும் கொஞ்ச நேரத்தில் தூறலானது. லோரிக்குள் பூ வாசனையும் ஈரச் சட்டை வாசனையும் பாட்டுச் சத்தமும் மட்டும்தான்.

ஒரு வயதான ஆண் குரல். மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எப்போது மரத்தை வெட்டுவார்கள், வீட்டில் துணி காய்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கணவர் சன்னல் பக்கம் பார்த்தபடியே தமிழில் சொன்னார்:

“வீட்டப் பூட்டிட்டான். சாவிய யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியாம நிக்கிறான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “யாருங்க?” என்றேன்.

“பாடுறவன்தான். வேலைக்காக வேற ஊருக்குப் போறான். வீட்ல யாரும் இல்ல. பக்கத்து வீட்லயும் ஆள் இல்ல. சாவிய கையில வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறான்.”

அவருடைய ஆங்கிலம் ஃபாக்டரி ஆங்கிலம். மெஷின் பெயர்களும், முன்பு துரைகளிடம் கேட்டுப் பழகிய சில வார்த்தைகளும். ஆனால் அந்தப் பாட்டில் இருந்ததும் அப்படிப்பட்ட வார்த்தைகள்தான். வீடு, சாவி, சாலை, மழை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காதைச் சாய்த்துக்கொண்டு கஷ்டப்படவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தார், முன்பு கேட்ட மாதிரி.

பாட்டு முடிந்ததும் அவரே ஓட்டுநரிடம் மலாயில், யார் பாடுகிறார் என்று கேட்டார். ஓட்டுநர் பேசத் தொடங்கியதும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது, அவ்வளவு பேசுவார் என்று நினைக்கவில்லை. இது புது ஆல்பம்தான், ஆனால் பழைய முறையில் செய்தது என்றார். கம்ப்யூட்டர் சத்தம் எதுவும் இல்லை. ஒரு அறையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது. ஒரு கிட்டார், ஒரு பிடில், நின்றுகொண்டு வாசிக்கிற, கனத்த சத்தம் தரும் பெரிய பேஸ், மடியில் படுக்கவைத்து இரும்பால் இழுத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார். அவருடைய ஊரில், பல குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வாழும் நீள வீடுகளில், அறுவடைத் திருநாளில் எல்லோரும் பாடுவது இந்த மாதிரிப் பாட்டைத்தானாம். “எங்கள் தாத்தா காலத்திலிருந்து” என்றார், அது எங்கிருந்து கடல் தாண்டி வந்தது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

மரத்தை அறுத்து வழி விடும் வரைக்கும் அந்த ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மறுநாள் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுதான். வேலைவிட்டு வந்து குளித்து, தேநீர்க் குவளையோடு அவர் உட்காருவார். நான் கீரை ஆய்ந்தபடி கேட்பேன். எனக்கு உடனே பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். ஒரே மாதிரி தாளம், ஒரே மாதிரி இழுப்பு என்றுதான் இருந்தது. ஆனால் அவர் பாட்டுக்குப் பாட்டு நிறுத்திப் பேசினார். வீட்டில் அவர் அவ்வளவு பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

“கவனி. அவரு ஒரு வார்த்த சொல்லிட்டு நிறுத்துறாரு. அப்பதான் அந்த இரும்பு கிட்டாரு பேசுது. அது பேசும்போது அவரு வாயத் தொறக்கிறதில்ல. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பேசவே இல்ல லா.”

“நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி இல்லன்னு சொல்லுங்க.”

சிரித்தார். “இடம் விட்டுப் பாடுறாரு. அதான் எனக்குக் கேக்குது.”

ஆல்பத்தில் அப்பாவின் நிலத்தைப் பிரித்துக்கொண்ட இரண்டு சகோதரர்கள் வேலியின் இரண்டு பக்கமும் நின்று மழையைப் பற்றி மட்டும் பேசுகிற ஒரு பாட்டு இருந்தது. வயதான கணவனும் மனைவியும் சமையலறையில் ஆடுகிற ஒன்று, அதற்கு மூன்று தட்டுத் தாளம். நடுவில் ஒரே ஒரு பாட்டை அந்தப் பாடகரின் மனைவி தாழ்ந்த குரலில் பாடியிருந்தார். மெல்ல மெல்ல என் கையும் கீரைக்கட்டின் மேல் தாளம் போட ஆரம்பித்தது. பூப் பெட்டி அடுக்கும்போது அந்த மூன்று தட்டு எனக்குள் ஓடும்.

என் முறை வந்தபோது அதைத்தான் கொண்டுபோவேன் என்று முடிவு செய்தேன். அவரையும் கூப்பிட்டேன்.

“நீ போ” என்றார். “நான் அங்க வந்து உக்காந்தா, முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு முழிச்சுக்கிட்டு இருக்கணும்.”

தனியாகப் போனேன். போன காரியம் சரியாக நடக்கவில்லை.

இரண்டாவது பாட்டிலேயே காய்கறித் தம்பி கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தையல் அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அது தூக்கமா என்று எனக்குச் சந்தேகம். முடிந்ததும் தம்பிதான் முதலில் பேசினார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டா இருக்கு லா. அடுத்த வாரம் சூடா ஒண்ணு போட்டாத்தான் எனக்குத் தெளியும்.”

தையல் அக்கா சொன்னது இன்னும் கடினம். “ஊர விட்டுப் போறவன் எல்லாம் நல்லா அழுறான். வீட்ல ஒருத்திய விட்டுட்டுப் போனானே, அவள என்ன ஏதுன்னு ஒருத்தனும் கேக்கல. இந்த அழுகைய நான் நேர்லயே பாத்துட்டேன். ரேடியோவுல வேற கேக்கணுமா?”

அக்காவின் கணவர் வேலைக்கென்று சிங்கப்பூருக்குப் போனவர். ஆரம்பத்தில் போன் வரும், அழுவார். பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“இது ஏன் உனக்குப் புடிச்சிருக்கு, அதச் சொல்லும்மா” என்றார் அண்ணன், பேச்சை மாற்ற.

நான் ஸ்டீல் கிட்டாரைப் பற்றி ஏதோ சொன்னேன். ஒரே அறையில் வாசித்தார்கள் என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை. சொல்ல வேண்டிய காரணம் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் கேட்டார்: “என்ன சொன்னாங்க?”

எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“அந்தம்மா பாடுற பாட்டு? அதக் கேட்டாங்களா இல்லையா?”

“போட்டேன். அதுக்குள்ள யாரும் கேக்கிற மனசுல இல்ல.”

“அர்த்தம் சொன்னியா?”

“பேசக் கூடாதுன்னு வச்சதே நீங்கதான?”

கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தார். பிறகு, “அடுத்த ஞாயித்துக்கிழம நானும் வர்றேன்” என்றார்.

வந்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “முட்டி பரவால்லியா?” என்றார்.

“முட்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே” என்றார் என் கணவர். “உள்ள போலாம், சொல்றேன்.”

அன்றைக்குத் தையல் அக்காவின் முறை. அவரிடம், “உங்க முறைய எனக்குக் குடுக்க முடியுமாக்கா?” என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். என் கணவர் நின்றுகொண்டே பேசினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“எனக்குக் காது போயிருச்சு. முழுசா இல்ல. சத்தம் கேக்குது, பாட்டு கேக்கல. நம்ம பாட்டுல எல்லாம் வாத்தியம் நெறைய. அது எல்லாம் ஒண்ணாக் கலந்து மெஷின் சத்தமாத்தான் கேக்குது. அதனாலதான் வரல. போன வாரம் இவ கொண்டுவந்த ஆல்பம் எனக்குக் கேக்குது. ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. இவ அதச் சொல்லல, நான் சொல்லாதத இவ சொல்ல மாட்டா. இன்னொரு தடவ போடுறேன். இந்தத் தடவ ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால கதையச் சொல்லிட்டுப் போடுறேன். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க, அவ்வளவுதான்.”

அண்ணனின் கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் குரல் கோபமாகத்தான் வந்தது.

“நான் வாழ்க்க பூரா ஆஸ்பத்திரியில இருந்தவன்டா. காதுக்கு எங்க போகணும், யாரப் பாக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும். என்கிட்ட முட்டி வலின்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்திருக்க?”

“அண்ணே, பாட்டு முடியட்டும். பெறகு திட்டுங்க.”

அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கதை சொன்னார். சகோதரர்கள் பாட்டுக்கு முன்னால், “இதுல சண்டையே வராது, மழையப் பத்தித்தான் பேசுவாங்க, ஆனா வேலி எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே கேளுங்க” என்றார். காய்கறித் தம்பிக்கும் அவர் அண்ணனுக்கும் பண்ணை நிலத்தில் ஒரு தகராறு உண்டு. அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

மனைவி பாடும் பாட்டு வந்தபோது என் கணவர் தையல் அக்காவைப் பார்த்துப் பேசினார்.

“இது முதல் பாட்டுக்குப் பதில்க்கா. சாவிய வச்சுக்கிட்டு நின்னானே, அவனோட பொண்டாட்டி. அவன் போறதுக்கு முன்னாலயே இவ வீட்ட விட்டுப் போயிட்டா. ஏன் போனேன்னு சொல்றா. அழல. வேற ஊர்ல ஒரு அறை எடுத்துக்கிட்டு, அவளுக்குன்னு ஒரு சாவி வாங்கிருக்கா.”

பாட்டு ஓடியது. ஒரு கிட்டாரும் பேஸும் மட்டும்தான் கூடவே போகும். அக்கா கூரையைப் பார்க்கவில்லை. முடிந்ததும் என் கணவர் அடுத்ததைத் தொடங்கப் போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“அதையே இன்னொருக்கா போடு தம்பி.”

இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, “இது பொம்பள பாட்டு” என்றார் சுருக்கமாக. “இத மொதல்ல வச்சிருக்கணும். போயும் போயும் அவனோட அழுகைய ஏன் மொதல்ல வச்சாங்க?”

அதைப் பற்றி அன்றைக்கு நல்ல விவாதம் நடந்தது. ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசினார். காய்கறித் தம்பிக்குப் பாதியில் குறுக்கே பேசாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆல்பம் இன்னும் பிடிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். சகோதரர்கள் பாட்டு மட்டும் பரவாயில்லை என்றார். இன்று வரைக்கும் அவர் கருத்து அதுதான்.

அந்த வாரமே அண்ணன் எங்களை விடாமல் பிடித்து மலைக்குக் கீழே ஈப்போவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கண்ணாடி அறைக்குள் என் கணவரை உட்காரவைத்துச் சோதித்தார்கள். புல்லாங்குழல் மாதிரி உயர்ந்த சத்தங்கள்தான் போயிருக்கின்றன, தாழ்ந்தவை இன்னும் நன்றாகக் கேட்கின்றன என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். கனத்த குரல், குறைந்த வாத்தியம் என்றால் அவருக்குச் சுலபம். போனது திரும்பாது, ஆனால் காதில் மாட்டும் கருவி உதவும் என்றார். கொஞ்ச நாளில் கருவி வந்தது. ஃபாக்டரியில் காது உறையை மறக்காமல் மாட்டச் சொன்னார்கள், மாட்டுகிறார்.

கருவி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் முதலில் கேட்டது தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம். மேலே பார்த்துக்கொண்டே நின்றார். நான் வெங்காயம் வதக்குகிற சத்தம் இவ்வளவு பெரிதா என்றார். பழைய சினிமாப் பாட்டுகளைப் போட்டோம். புல்லாங்குழல் திரும்ப வந்துவிட்டது என்றார், ஆனால் முன்பிருந்த மாதிரி இல்லை, தகர டப்பாவுக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு நம் கௌபாய் ஆல்பத்தைப் போட்டேன். அவர் நெற்றி சுருங்கியது.

“இதுல இவ்வளவு பிடில் இருந்துச்சா?”

“எப்பவும் இருந்துச்சு. நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“வில்லு உரசுறதெல்லாம் கேக்குது. அவரு மூச்சு வாங்குறது கேக்குது.” சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற ஆல்பம்.”

இரண்டு வகையாகவும் கேட்கிறார் இப்போது. சில நாள் கருவியோடு, சில நாள் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு. கழற்றி வைத்தால் என்னிடம் பேச விருப்பமில்லை என்று நினைக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

பாட்டு கேட்கிறவர்கள் யாராவது என்னிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் இந்த ஆல்பத்தைத்தான் சொல்கிறேன். வண்டி ஓட்டும்போது வேண்டாம், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்பேன். குரல் மூக்கால் வருகிறதே என்று முதல் பாட்டோடு விட்டுவிட வேண்டாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலம் வராதே என்று பயப்படவும் வேண்டாம். தையல் அக்காவிடம் கேட்டால் அவர் வேறு மாதிரி சொல்வார். நடுவில் இருக்கிற அந்தப் பெண்ணின் பாட்டிலிருந்து தொடங்கி, சுற்றி வந்து, ஆண்பிள்ளையின் சாவிப் பாட்டில் முடிக்க வேண்டுமாம். கடைக்குத் துணி தைக்க வருகிறவர்களையும் அந்த வரிசையில்தான் கேட்கவைக்கிறார். போன வாரம் நானும் அவர் சொன்ன வரிசையில் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.